வெளியாளுக்குச் சொன்னது

அத்தாவிடம் எதையும் கேட்டு வாங்கக்கூடாது என்று கல்யாணமான புதிதிலேயே ரூஹி முடிவு செய்திருந்தாள். அந்த முடிவை மீறி அவள் போய்க் கேட்டது ஒரே ஒரு தடவை. அதுவும் இனாமாக இல்லை, விலைக்குத்தான். வைக்கோல் கட்டும் மெஷின் ஒன்று வேண்டும், பழையதாக இருந்தாலும் சரி, தங்களிடம் இருக்கிற சின்ன டிராக்டருக்குப் பொருந்தவேண்டும் என்று கேட்டாள்.

அவளுடைய அத்தா சௌக்கத் அலிக்குத் தண்டையார்பேட்டையில் கோடவுன். துறைமுகத்து ஏலத்திலும் மூடிப்போன கம்பெனிகளிலும் பழைய மெஷின்களை வாங்கிப் பழுது பார்த்து, பெயிண்ட் அடித்து விற்பார். ஜெனரேட்டர், கம்ப்ரசர், கப்பலில் கழற்றிய மோட்டார் என்று கோடவுனுக்குள் நடக்க இடமிருக்காது. ஒரு மெஷின் வேலைக்கு ஆகாதென்றால் ஆகாது என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். அந்தப் பெயருக்காகவே ஆந்திராவிலிருந்துகூட ஆட்கள் வருவார்கள். கல்யாணம் ஆகிறவரை அந்தக் கோடவுனில் போனை எடுத்துப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவள் ரூஹிதான். அத்தாவின் பெயரில் அவருக்கு இருந்த பெருமை அவளுக்கும் இருந்தது.

ரூஹியின் கணவன் ஃபவாஸ் ஒரு கண்டெய்னர் யார்டில் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். யார்டை மூடியதும் மருமகன் கோடவுனுக்கு வந்து உட்காருவான் என்று சௌக்கத் அலி எதிர்பார்த்தார். அவன் வரவில்லை. அத்திப்பட்டில் வாடகைக்கு ஒரு மனையைப் பிடித்து மாடு வளர்க்கப் போய்விட்டான். மாப்பிள்ளைக்குக் கிறுக்குப் பிடித்துவிட்டது என்று அவர் பார்க்கிறவர்களிடமெல்லாம் சொன்னார். மாட்டை முதலில் வாங்கியவள் ரூஹி. மனையைத் தேடிப் பிடித்தவளும், திருவொற்றியூரில் வீடு வீடாகப் போய்ப் பாலுக்கு ஆள் சேர்த்தவளும் அவள்தான். அதை எத்தனையோ தடவை சொல்லியும் அவர் காதில் ஏறவில்லை. அவர் வாயில் எப்போதும் அது மாப்பிள்ளையின் கிறுக்காகவே இருந்தது.

மாடுகள் பெருகின. வைக்கோல்தான் பெரும் தொல்லையாக இருந்தது. அத்திப்பட்டுக்கு வடக்கே அறுவடை மெஷின் ஓடி முடித்த வயல்களில் வைக்கோல் வரிசை வரிசையாகக் கிடக்கும். வாரிக் கட்ட ஆள் கிடைக்காமல் வயல்காரர்கள் கொளுத்திவிடுவார்கள். இவர்களோ எங்கோ தூரத்திலிருந்து வரும் வைக்கோலுக்கு லாரிக்காரன் சொன்ன விலையைக் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஒரு மெஷின் இருந்தால் தங்கள் மாட்டுக்கும் ஆயிற்று, மிச்சத்தைத் திருவொற்றியூர் மாட்டுக்காரர்களுக்கும் விற்கலாம் என்று ரூஹி கணக்குப் போட்டாள்.

கேட்டதும் சௌக்கத் அலி மறுபேச்சில்லாமல் கோடவுனின் பின்பக்கம் கூட்டிப்போனார். நெல்லூர்ப் பக்கம் மூடிப்போன ஒரு பண்ணையிலிருந்து வந்த மெஷின் அங்கே நின்றது. புதிதாகச் சிவப்புப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். வைக்கோலை வாரி உள்ளே இழுத்து, செங்கல் மாதிரிச் சதுரமாக அழுத்திக் கட்டித் தள்ளும் ரகம். ஆள் உயரத்துக்கு இருந்தது.

"ரொம்பப் பெருசா கீதே," என்று ஃபவாஸ் அவள் காதருகே சொன்னான்.

ரூஹி அத்தாவிடம் நேராகவே கேட்டாள். "நம்ம வண்டி சின்னதுத்தா. இத்த இழுக்குமா?"

"இழுக்கும்மா. ஷாப்ட்டு மட்டும் கொஞ்சம் நீளம். வெட்டி ஒட்டித் தரேன், எடுத்துனு போ."

ஷாப்ட் என்றால் டிராக்டரின் பின்னாலிருந்து மெஷினுக்கு ஓட்டத்தைக் கொண்டுபோகும் இரும்புத் தண்டு. ஃபவாஸ் மறுபடி ஏதோ சொல்ல வாயெடுத்தான். "அத்தா சொல்றாரு இல்ல? இதுக்கு மேல இன்னா மச்சான் உங்களுக்கு?" என்று ரூஹிதான் அவனை அடக்கினாள். பிற்பாடு நினைக்கும்போதெல்லாம் அவளைச் சுட்டது அந்த ஒரு வாக்கியம்.

பொங்கல் கழிந்து அறுவடை முடிந்த ஒரு வயலில் மெஷினை இறக்கினார்கள். டிராக்டரை ரூஹி ஓட்டினாள். ஃபவாஸ் பக்கத்தில் நடந்தபடி வைக்கோல் ஒழுங்காக உள்ளே போகிறதா என்று பார்த்துக்கொண்டு வந்தான். மெஷின் வாய் நிறைந்து அழுத்த ஆரம்பித்ததுமே டிராக்டர் திணறியது. கரும்புகை கக்கி நின்றுபோனது. மறுபடி கிளப்பினாள். பத்தடி போய் மறுபடி நின்றது. கிளட்ச் தீய்ந்த வாடை மூக்கில் ஏறியது.

"உட்ரு ரூஹி. இது இழுக்காது," என்றான் ஃபவாஸ்.

"பழகுற வரிக்கும் அப்டித்தான் இருக்கும். தள்ளி வாங்க."

அவள் இன்னும் கொஞ்சம் முடுக்கினாள். பின்னால் வெடி வெடித்த மாதிரி ஒரு சத்தம். ஒட்டுப்போட்ட இடத்தில் ஷாப்ட் முறிந்து, சுழன்ற வேகத்தில் ஒரு துண்டு பறந்துபோய் ஃபவாஸின் கெண்டைக்காலைக் கிழித்துவிட்டது. அவள் இஞ்சினை நிறுத்திவிட்டுக் குதித்து ஓடியபோது, அவன் வைக்கோல் வரிசையின்மேல் உட்கார்ந்து இரண்டு கையாலும் காலை அழுத்திப் பிடித்திருந்தான். வைக்கோலெல்லாம் ரத்தம். "ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல," என்று அவன்தான் அவளைத் தேற்றினான்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். எலும்பு தப்பியது அதிர்ஷ்டம் என்றார் டாக்டர். வெளியே வந்து ரூஹி அத்தாவுக்குப் போன் போட்டாள்.

நடந்ததை முழுக்கச் சொன்னாள். "காலு எப்டி கீது?" என்றார் அவர்.

"தையல் போட்டுக்கிறாங்க. ஷாப்ட்டு எப்டித்தா முறியும்?"

"ஓட்டத் தெரியாம ஓட்டிருப்பீங்க. இதுக்குத்தான் நான் ஆரம்பத்துலேர்ந்து சொல்றது, இது உங்களுக்குத் தோதுப்படாதுன்னு. மாப்ளய மொதல்ல இங்க இட்டுனு வா. கோடவுன்ல குந்திக்கினு பாக்குற வேலய பாக்கட்டும்."

ரூஹி போனை வைத்தாள். தான் முடுக்கியதால்தான் முறிந்தது என்ற உறுத்தல் அவளுக்குள் இருந்தது. அத்தா சொன்னது சரியாக இருக்குமோ என்றுகூட நினைத்தாள். ஃபவாஸ் அதைப்பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவன் கேட்காதது அவளை இன்னும் வதைத்தது. வயல்காரருக்குக் காத்திருக்க முடியவில்லை. அடுத்த நடவுக்கு உழவேண்டும் என்று அவ்வளவு வைக்கோலையும் கொளுத்திவிட்டார். மாட்டுக் கொட்டகை வாசலில் நின்றால் அனல்மின் நிலையத்துப் புகைபோக்கிகளுக்கு வடக்கே அந்தப் புகையும் எழும்புவது தெரிந்தது. தன் மாடுகள் தின்ன வேண்டியது அப்படிப் போகிறதே என்று பார்த்துக்கொண்டே நின்றாள்.

செங்குட்டுவன் வந்தது அதற்கு இரண்டு நாள் கழித்து. அவர் வல்லூர்ப் பக்கத்து விவசாயி. அவரிடமும் இவர்களுடையதைப் போலவே ஒரு சின்ன டிராக்டர் இருந்தது. ஃபவாஸுக்கு அடிபட்டதைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தவர், கொட்டகை ஓரத்தில் நின்ற சிவப்பு மெஷினைப் பார்த்ததும் அப்படியே நின்றுவிட்டார்.

"இது தண்டையார்பேட்ட பாய் கோடவுன்ல இருந்ததாச்சே. இத்த எப்டிம்மா உங்களுக்குக் குடுத்தாரு?"

"ஏன்ணா?"

"நானும் போய்க் கேட்டேனே, தீவாளிக்கு முன்ன. வேணாம்ட்டாரு. நான் எவ்ளவோ கெஞ்சிப் பாத்தேன். 'உன் வண்டி சின்னது செங்குட்டுவா, இது இழுக்காது. மீறி இழுத்தா ஷாப்ட்டு முறிஞ்சி ஆளக் காவு வாங்கிரும். தெரிஞ்சே விக்க எனக்கு மனசு வராது'ன்னாரு. டீ வாங்கிக் குடுத்து அனுப்புனாரும்மா. நல்ல மனுசன். எங்க ஊர்ல பத்துப் பேருகிட்ட சொல்லிருப்பேன், யாவாரின்னா அவர மாதிரி இருக்கணும்னு."

ரூஹி அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஷாப்ட்டு முறியும்னு சொன்னாரா? அவரே சொன்னாரா?"

"அவரேதான். ஏன், உங்க வண்டியும் சின்னதுன்னு தெரியாம வித்துட்டாரா?"

"அவரு எங்க அத்தாண்ணா," என்றாள் ரூஹி.

செங்குட்டுவன் கையிலிருந்த ஆரஞ்சுப்பழப் பையைத் திண்டில் வைத்தார். ஃபவாஸிடம் காலைப்பற்றி இரண்டு வார்த்தை விசாரித்துவிட்டுக் கிளம்பிப் போனார்.

ரூஹிக்கு உள்ளங்கால் முதல் தலை வரைக்கும் கொதித்தது. யாரோ ஒருவனுக்கு மனசு வராதாம். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினாராம். பெற்ற மகள் வந்து நேருக்கு நேர் கேட்டபோது இழுக்கும் என்று சொல்லத் தெரிந்திருக்கிறது. போதாததற்கு ஓட்டத் தெரியாமல் ஓட்டினாய் என்று பழியை அவள் தலையிலேயே கட்டியிருக்கிறார். அன்றைக்கு முழுவதும் அவள் சரியாகச் சாப்பிடவில்லை. பால் கறக்கும்போது கை முரட்டுத்தனமாகப் போய் மாடு உதைத்தது.

மறுநாள் காலைப் பால் ஊற்றி முடித்ததும் டிராக்டரைப் பின்னால் எடுத்து மெஷினை மாட்டினாள். வயலில் ஓட்டம் கொடுக்கத்தான் அந்த டிராக்டருக்குத் தெம்பு இல்லையே தவிர, தார் ரோட்டில் சும்மா இழுத்துப்போக முடியும்.

ஃபவாஸ் நொண்டியபடி வாசலுக்கு வந்தான். "எங்க போற?"

"இத்த அவரு வாசல்லியே உட்டுட்டு வரேன்."

"கோவத்துல போவாத ரூஹி. நாளைக்குப் பேசலாம்."

"கோவத்துலதான் மச்சான் போறேன். கோவம் இல்லாம போனா அவரு பிரியாணி போட்டு அனுப்பிடுவாரு."

மணலி புதுநகர் தாண்டியதும் கண்டெய்னர் லாரிகளின் வரிசை. ஊர்ந்து ஊர்ந்து போனாள். முந்திப்போன ஒரு லாரிக்காரன், "இன்னாக்கா, வயலு எதிர்ப்பக்கம் கீது!" என்று கத்திச் சிரித்தான். இரண்டு சக்கர வண்டிக்காரர்கள் போனில் படமெடுத்துக்கொண்டார்கள். ரூஹி யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை. திருவொற்றியூரில் அவளிடம் பால் வாங்கும் ஒரு அம்மா நடுரோட்டில் கையைக் காட்டினார். அதற்கும் நிற்கவில்லை. வழி முழுவதும் வாய்க்குள் பேசிக்கொண்டே ஓட்டினாள். பேசப் பேசக் கோபம் குறையவில்லை, கூர்தான் ஏறியது.

கோடவுன் வாசலில் ஒரு ஜெனரேட்டரை ஏற்றிக்கொண்டு லாரி புறப்படத் தயாராக இருந்தது. ரூஹி அதன் மூக்குக்கு நேரே, வாசலை முழுக்க அடைக்கிற மாதிரி மெஷினைக் கொண்டுவந்து நிறுத்தினாள். இறங்கிக் கொக்கியைக் கழற்றி, டிராக்டரை மட்டும் முன்னால் எடுத்து ஓரமாக விட்டாள்.

"ஏம்மா, வண்டி வெளிய வரணும், எடும்மா!" என்று லாரி டிரைவர் சுடலைராஜ் ஹாரனை அழுத்தினார்.

"இது பாயோட மெஷினு. பாய வந்து எடுக்கச் சொல்லுங்க."

சத்தம் கேட்டு சௌக்கத் அலி வெளியே வந்தார். வெள்ளைச் சட்டையும் தொப்பியுமாக நின்றவருக்கு மகளைப் பார்த்ததும் முதலில் முகம் மலர்ந்தது. பிறகு மெஷினைப் பார்த்தார்.

"இன்னாம்மா இது, சொல்லாம கொள்ளாம? மாப்ள எப்டி கீறாரு? உள்ள வா. பேசிக்கலாம்."

"உள்ள வர்ல. இங்கியே பேசலாம். இந்த மெஷின எங்க வண்டி இழுக்குமா?"

"ரோட்டுல வச்சினு இன்னா கேள்வி…"

"அன்னிக்குக் கேட்டேன். இழுக்கும்னீங்க. இப்பவும் கேக்குறேன். இழுக்குமா, இழுக்காதா?"

சுடலைராஜ் ஹாரனை விட்டுவிட்டு லாரியிலிருந்து எட்டிப் பார்த்தார். எதிர்ப்பக்கத்து வெல்டிங் கடையில் வேலை நின்றது. சௌக்கத் அலி குரலைத் தாழ்த்தினார். "மெஷின்ல கொற இல்லம்மா. ஓட்டுற பதம்னு ஒண்ணு கீது…"

"வல்லூர் செங்குட்டுவன் வந்தாரு," என்றாள் ரூஹி.

அவர் கண் முறிந்த ஷாப்ட்டுக்குப் போனது.

"அவருக்கு டீ வாங்கிக் குடுத்து அனுப்பிச்சியாமே. தெரிஞ்சே விக்க மனசு வராதுன்னு சொன்னியாமே. ஊரே உன்னப் பத்திப் பெருமையாப் பேசுதாம். அவன் யாரு உனக்கு? நான் யாரு?"

அத்தாவை அவள் ஒருமையில் பேசியது அதுதான் முதல் தடவை. வாயிலிருந்து வந்தபிறகுதான் அவளுக்கே தெரிந்தது. திரும்ப எடுத்துக்கொள்ள மனம் வரவில்லை.

சௌக்கத் அலியின் முகம் சிவந்தது. அவரும் கத்தினார். "ஆமா, சொன்னேன்! உனக்குச் சொல்லல! ஏன் சொல்லல? ரெண்டு தபா மெஷினு நின்னுபோனா மாப்ள சீ போன்னு உட்டுட்டு வந்துருவாருன்னு நெனச்சேன். படிச்ச புள்ள, சாணி வாரிக்கினு கெடக்கணும்னு தலையெழுத்தா? அந்தச் சாம்பல் காத்துல நீ இருமிக்கினு கீற. உங்க அம்மா தெனம் அழுவுது. நீங்க இங்க வந்துரணும்னுதான் செஞ்சேன். ஷாப்ட்டு முறியும்னு நெனச்சா செஞ்சேன்?"

"முறியும்னு நீதானே அவருகிட்ட சொன்ன!"

ரூஹி ஒரு அடி முன்னால் வந்தாள்.

"நான்தான் ஓட்டுனேன் அன்னிக்கு. அவரு உட்ருன்னாரு. நான் கேக்கல. ஏன் கேக்கல தெரியுமா? எங்க அத்தா இழுக்கும்னு சொன்னாரு, அதனால. ஒரு ஜாண் மேல பட்டிருந்தா நான் இப்ப எங்க நிப்பேன்? ஓட்டத் தெரியலன்னு எம்மேல பழியப் போட்டியே, அன்னிக்கு ராவு முழுக்க நான்தான் அவரு கால கிழிச்சேன்னு நெனச்சிக்கினு கெடந்தேன். அப்பவாச்சும் சொன்னியா?"

"ரூஹி…"

"அப்புறம், எப்பப் பாரு மாப்ள மாப்ளன்ற. மாடு அவரோடது இல்ல. என்னுது. ஆரம்பிச்சது நான், நடத்துறது நான். கிறுக்குன்னா எனக்குத்தான் கிறுக்கு. என்ன ஒயிச்சிக் கட்டணும்னா நேரா என்ன ஒயி. உங்கிட்ட மெஷினு கேட்டு வந்தவ நானு. உம் பொண்ணா வர்ல, வெலைக்கு வாங்க வந்தேன். வாங்க வந்தவங்ககிட்ட நீ இப்டித்தான் யாவாரம் பண்ணுவியா?"

தெருவில் கூட்டம் சேர்ந்துவிட்டது. கோடவுன் வேலையாட்கள் தலையைக் குனிந்து நின்றார்கள். இத்தனை வருஷமாகக் கட்டிக் காத்த பெயர் சொந்த மகளின் வாயால் நடுத்தெருவில் சிதறுவதை சௌக்கத் அலி பார்த்துக்கொண்டு நின்றார். கோபம் வடிந்து முகம் வெளிறியது.

"தப்புதாம்மா," என்றார். "இப்ப இன்னா செய்யணும்ன்ற? பெரிய டிராக்டரு ஒண்ணு எடுத்துத் தரேன். நம்ம மெஷினுக்குத் தோதா."

அதுதான் அவளை இன்னும் எரிய வைத்தது. "டிராக்டரு கேட்டேனா உன்ன? செங்குட்டுவனுக்குச் சொன்னத எனக்குச் சொல்லு. அன்னிக்கு எனக்குச் சொல்லியிருக்க வேண்டியத இன்னிக்குச் சொல்லு. இவங்க அல்லாரும் கேக்கட்டும்."

அவர் சுற்றிப் பார்த்தார். யாரும் அவர் கண்ணைச் சந்திக்கவில்லை.

"உன் வண்டி சின்னதும்மா," என்றார் மெதுவாக. "இது இழுக்காது. மீறி இழுத்தா ஷாப்ட்டு முறியும். ஆளுக்கு ஆபத்து. நான் விக்க மாட்டேன்."

"அப்ப எது இழுக்கும்?"

தன்னையறியாமல் வியாபாரியின் குரல் அவருக்குத் திரும்பி வந்தது. "சதுரமாக் கட்டுறது உனக்கு வேணாம். பாய் மாதிரிச் சுருட்டிக் கட்டுறது கீது, சின்ன ரகம். உன் வண்டிக்கு அதுதான் தோது. எங்கிட்ட இல்ல. பொன்னேரில ஒரு பழைய மெஷின் யாவாரி வச்சிருக்கான். வாங்கறப்ப பெல்ட்டப் பாரு, உருளைய கையால சுத்திப் பாரு. உங்க வண்டியிலியே மாட்டி, வயல்ல ஓட்டிக் காட்டச் சொல்லு. ஓட்டிக் காட்டாம வாங்காத."

"இது போதும்," என்றாள் ரூஹி. "நாங்க குடுத்த பணத்த யாரு கையிலியாச்சும் குடுத்தனுப்புங்க. மெஷினு உங்க வாசல்ல கீது."

கோடவுனுக்கு மேல்தான் வீடு. மாடியிலிருந்து அம்மா ஜஹானாரா இறங்கி ஓடிவந்தாள். "ஒரு வாய் சாப்ட்டுப் போடி, வெயில்ல வந்துக்கிற," என்று அவள் கையைப் பிடித்தாள். ரூஹி அம்மாவின் கையை மெதுவாக விலக்கிவிட்டு டிராக்டரில் ஏறினாள். பின்னால் சுடலைராஜும் வேலையாட்களும் மெஷினைத் தள்ளிக்கொண்டிருந்தார்கள். சௌக்கத் அலியும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு ஒரு பக்கம் பிடித்துத் தள்ளினார். அதைப் பார்த்தும் அவளுக்கு மனம் இளகவில்லை. திருவொற்றியூர் வந்தபிறகு ஓரமாக நிறுத்தி, ஸ்டியரிங்கில் தலையை வைத்துக் கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, காலையில் கையைக் காட்டிய அம்மா வீட்டுக்குப் போய் என்னவென்று கேட்டாள். நாளைக்கு விருந்தாளி வருகிறார்களாம், இன்னும் கொஞ்சம் பால் வேண்டுமாம்.

கொடுத்த பணம் மறுநாளே வந்தது. கூடவே ஒரு டிபன் கேரியரும் வந்தது. பணத்தை எடுத்துக்கொண்டு கேரியரைத் திருப்பி அனுப்பினாள்.

பொன்னேரிக்கு அவளும் செங்குட்டுவனும் சேர்ந்து போனார்கள். சுருட்டிக் கட்டும் மெஷினை இரண்டு குடும்பமுமாகப் பங்கு போட்டு வாங்குவதென்று பேச்சு. அந்த வியாபாரி விலையில் வம்பு செய்தான். ஓட்டிக் காட்ட முடியாது, எல்லாம் நன்றாக ஓடும் என்றான். ரூஹி அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "பெத்த அப்பன் வாய்ச்சொல்லையே நம்பி ஒரு தபா கெட்டேன். உன்ன எப்டி நம்புவேன்? மாட்டி ஓட்டு," என்றாள். முணுமுணுத்துக்கொண்டே மாட்டினான். பெல்ட் ஒன்று தேய்ந்திருந்தது. மாற்றித் தந்தபிறகுதான் வாங்கினாள்.

அந்தப் பருவத்தில் முக்கால்வாசி வயல்கள் ஏற்கெனவே எரிந்து போயிருந்தன. பின்னால் அறுத்த வயல்களில் மட்டும் அவர்களால் ஓட்ட முடிந்தது. டிராக்டர் திணறவில்லை. மெஷினின் பின்கதவு திறந்து முதல் சுருள் கீழே விழுந்து புரண்டபோது செங்குட்டுவன் கை தட்டினார். ஃபவாஸ் தூரத்தில் வரப்பில் உட்கார்ந்து காலை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனை மெஷினுக்குப் பக்கத்தில் வர ரூஹி அனுமதிக்கவில்லை. தன் மாடுகளுக்கு வைகாசி வரைக்கும் தாங்கும் என்று கணக்குப் பார்த்தாள். எரிந்துபோனது மட்டும் இருந்திருந்தால் வருஷம் முழுக்க ஓட்டியிருக்கலாம். அந்த நினைப்பு வந்ததும் பல்லைக் கடித்துக்கொண்டு அடுத்த வரிசைக்கு வண்டியைத் திருப்பினாள்.

அம்மா வாரத்துக்கு ஒருமுறை போன் செய்தாள். அத்தா சரியாகச் சாப்பிடுவதில்லை என்றாள். கோடவுனுக்கு வருகிறவர்களிடம் இப்போதெல்லாம் மாப்பிள்ளை என்று சொல்வதில்லை, என் மகள் மாடு வைத்திருக்கிறாள் என்றுதான் சொல்கிறார் என்றாள். அதைச் சொல்லிவிட்டு மகள் ஏதாவது சொல்வாளா என்று காத்திருந்தாள்.

"சொல்லட்டும்," என்றாள் ரூஹி.

"இன்னும் எத்தினி நாளுக்குடி இந்தக் கோவம்? பெருநாளைக்காச்சும் வருவியா, மாட்டியா?"

ரூஹி போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு ஒரு சுருளைப் பிரித்து மாட்டுக்கு உதறிப் போட்டாள். "பெருநாளைக்கு உன்னப் பாக்க வரேம்மா. அவரு கூடப் பேசறத பத்தி எனக்கே தெரியல. தெரிஞ்சா சொல்றேன்," என்றாள்.

பின்னால் கன்று கத்தியது. போனை வைத்துவிட்டு அவள் அதைக் கவனிக்கப் போனாள்.